கடினச் சொல் யாருக்குச் சொந்தம்?



"பிள்ளைகளின் ஆங்கிலச் சொல்வளத்தை உயர்த்துவது எப்படி?" என்ற தலைப்பில் எங்கள் தொலைக்காட்சி மன்றத்தில் நான் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம் இது. நேரம் போதாமல் அரங்கில் சொல்லாமல் விட்ட சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

அன்று படப்பிடிப்பு முடிந்து விளக்குகளை அணைத்துக்கொண்டிருந்தார்கள். பார்வையாளர் வரிசையில் இருந்த ஓர் அம்மா என்னிடம் வந்தார். அருகில் நான்காம் படிவம் படிக்கும் மகன். அவன் கையில் தடித்த நோட்டுப் புத்தகம் ஒன்று. அதில் ஏறத்தாழ மூவாயிரம் ஆங்கிலச் சொற்களை எழுதி வைத்திருந்தான். எல்லாம் பெரிய பெரிய சொற்கள். ஒரு பக்கத்தைப் புரட்டினேன். 'பெர்ஸ்பிகேஷியஸ்' என்று இருந்தது. கூர்ந்த அறிவுடையவர் என்று பொருள். உண்மையைச் சொன்னால், பத்தாண்டுக்கும் மேலான என் ஊடகப் பணியில் இந்தச் சொல்லை நான் ஒருமுறைகூடப் பயன்படுத்தியதில்லை.

"நல்லா படிக்கிறான் தங்கச்சி. ஆனா ஒரு வருஷமா வீட்டுல எங்கிட்ட தமிழ்ல பேசறதில்ல. தமிழ் பேசினா இங்கிலீஷ் கெட்டுப் போயிடும்னு யாரோ சொல்லிட்டாங்களாம். எனக்கு இங்கிலீஷ் வராது. அதனால வீட்டுல பேச்சே கொறஞ்சி போச்சி."

அந்த அம்மா குறையாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அன்று அரங்கில் நாங்கள் பேசிய எதுவும் அவருக்கு விடையாகவில்லை என்பது எனக்குப் புரிந்தது. அந்த விடையைத் தேடிப் போனபோதுதான் ஆங்கிலச் சொற்களின் வரலாற்றுக்குள் நுழைந்தேன். நான் வரலாற்று அறிஞர் அல்லர். தொடர்பு ஊடகத் துறையில் டிப்ளோமா படித்தவள். இருந்தாலும் படித்தவற்றுள் தெளிவானதை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஒரே பொருளுக்கு மூன்று சொல்

ஆங்கிலத்தில் கடினச் சொல், எளிய சொல் என்ற பிரிவு எப்படி வந்தது? அதற்குக் காரணம் ஒரு படையெடுப்பு.

1066ஆம் ஆண்டு, பிரான்சின் நார்மண்டிப் பகுதியை ஆண்ட வில்லியம் இங்கிலாந்தின் மீது படையெடுத்து வென்றார். அதன் பின்னர் ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் அரண்மனையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு மொழி கோலோச்சியது. தேவாலயத்திலும் கல்விக்கூடத்திலும் லத்தீன் இருந்தது. வயலிலும் அடுப்படியிலும் ஆங்கிலம் இருந்தது.

இதன் தடயம் இன்றும் சாப்பாட்டு மேசையில் தெரிகிறது. கொட்டகையில் நிற்கும்போது மாட்டுக்கு 'ஆக்ஸ்' என்ற பழைய ஆங்கிலப் பெயர். தட்டுக்கு வந்ததும் 'பீஃப்' என்ற பிரெஞ்சுப் பெயர். உயிரோடு இருக்கும் ஆடு 'ஷீப்'. சமைத்த பின் 'மட்டன்'. வளர்த்தவன் பேசியது ஒரு மொழி, சாப்பிட்டவன் பேசியது வேறொரு மொழி.

ஆக, ஒரே கருத்துக்குப் பல அடுக்குச் சொற்கள் உண்டாயின. 'ஆஸ்க்' என்பது மண்ணின் சொல். 'குவெஸ்டின்' பிரெஞ்சு வழி வந்தது. 'இன்டராகேட்' லத்தீனிலிருந்து வந்தது. மூன்றும் கேட்பதையே குறிக்கின்றன. ஆனால் அம்மா பிள்ளையைக் கேட்பது வேறு, போலீஸ் கைதியை விசாரிப்பது வேறு. அடுக்கு உயர உயர, சொல்லோடு அதிகாரமும் சேர்ந்து உயர்ந்தது. 'பெரிய சொல் பேசுகிறவர் பெரிய மனிதர்' என்ற எண்ணம் பிறந்த இடம் இதுதான்.

ஆங்கிலேயனுக்கே ஆங்கிலம் புரியாத காலம்

பதினாறாம் நூற்றாண்டில் நிலைமை இன்னும் முற்றியது. அச்சு இயந்திரம் வந்துவிட்டது. கிரேக்க, லத்தீன் நூல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவர்கள் ஆயிரக்கணக்கான புதுச் சொற்களை அப்படியே இறக்குமதி செய்தார்கள். சாதாரண மக்கள் விழித்தார்கள். இத்தகைய சொற்களுக்கு 'மைக்கூட்டுச் சொற்கள்' என்று கேலிப் பெயர் சூட்டினார்கள். வாயில் பிறக்காமல் மைக்கூட்டில் பிறந்தவை என்று பொருள்.

1553இல் தாமஸ் வில்சன் என்பவர் பேச்சுக்கலை பற்றி எழுதிய நூலில் ஒரு கேலிக் கடிதத்தைச் சேர்த்தார். தேவாலயப் பதவி ஒன்றை வேண்டி ஒருவர் எழுதுவதாக அமைந்த அக்கடிதம் முழுக்க லத்தீன் சொற்கள். படிப்பவர்கள் சிரிக்க வேண்டும் என்பதே நோக்கம். ஆனால் அன்று சிரிப்பதற்காக வைக்கப்பட்ட 'செலிப்ரேட்', 'டெக்ஸ்டெரிட்டி' போன்ற சொற்களை இன்று பள்ளிப் பிள்ளைகளும் எழுதுகிறார்கள். அதே கடிதத்தில் இருந்த வேறு சில சொற்கள் மறைந்தே போயின.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் சர் ஜான் சீக் வேறு வழியில் போனார். ஆங்கிலத்தைக் கலப்பில்லாமல் எழுத வேண்டும் என்பது அவர் கொள்கை. மத்தேயு நற்செய்தியை மொழிபெயர்த்தபோது, நூறு வீரர்களின் தலைவனைக் குறிக்கும் 'சென்சூரியன்' என்ற லத்தீன் சொல்லை ஒதுக்கிவிட்டு, 'ஹன்ட்ரெடர்' என்று நூறிலிருந்தே ஒரு சொல்லை உருவாக்கினார். உயிர்த்தெழுதலுக்கு 'ரெசரெக்‌ஷன்' வேண்டாமென்று 'கெய்ன்ரைசிங்' என்றார். தனித்தமிழைப் பற்றி விவாதித்துப் பழகிய நமக்கு இந்த வழக்கு புதிதல்ல. உலகையே ஆளும் மொழி என்று நாம் அஞ்சும் ஆங்கிலமும், ஒரு காலத்தில் 'நம்மிடம் சொல் போதாதோ' என்று தயங்கி நின்ற மொழிதான்.

1604: வாசலைத் திறந்த பள்ளி ஆசிரியர்

கடினச் சொல் பெருகியபோது யார் வெளியே நின்றார்கள்? லத்தீன் படிக்க வாய்ப்பில்லாதவர்கள். குறிப்பாகப் பெண்கள். ஆண் பிள்ளைகளுக்கு இலக்கணப் பள்ளி இருந்தது. வசதியான வீட்டுப் பெண்களுக்கும் அந்த வாசல் மூடியே இருந்தது.

அவர்களுக்காக ஒரு நூலைத் தொகுத்தவர் ராபர்ட் காட்ரி. அவர் பள்ளி ஆசிரியராகவும் பின்னர் சமய ஊழியராகவும் இருந்தவர். திருச்சபைத் தலைமையோடு ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் பதவி இழந்தவர். ஆசிரியராக இருந்த தம் மகன் தாமசின் துணையோடு, 1604இல் அகரவரிசைப்படி சுமார் 2,500 கடினச் சொற்களுக்கு எளிய ஆங்கிலத்தில் பொருள் தந்து வெளியிட்டார். ஆங்கிலத்துக்கு ஆங்கிலத்திலேயே பொருள் கூறும் முதல் அகராதி அதுவே என்பது பொதுவான கருத்து. அந்த முதற்பதிப்பின் ஒரே ஒரு பிரதிதான் இன்று எஞ்சியிருக்கிறது. அது ஆக்ஸ்ஃபர்டின் போட்லியன் நூலகத்தில் உள்ளது.

அந்த நூலின் முகப்பிலேயே, பெண்களுக்கும் படிப்பு வாய்ப்புக் குறைந்த மற்றவர்களுக்கும் உதவுவதற்காக என்று குறிக்கப்பட்டிருந்தது. அதாவது, உலகின் மிகப் பெரிய அகராதி மரபு, கற்றவர் தம் பெருமையைக் காட்டுவதற்காகத் தொடங்கியதல்ல. வெளியே நிறுத்தப்பட்டவர்கள் உள்ளே வருவதற்காகத் தொடங்கியது.

ஆனால் மனித இயல்பு விடுமா? 1623இல் ஹென்றி காக்கரம் என்பவர் வெளியிட்ட அகராதியில் ஒரு புதுமை இருந்தது. அதன் ஒரு பகுதியில், எளிய சொல்லைக் கொடுத்தால் அதற்கு ஈடான பகட்டுச் சொல் கிடைக்கும். புரிந்துகொள்ளப் பிறந்த நூல், இருபதே ஆண்டுகளில் மினுக்குவதற்கான நூலாகவும் ஆனது. இந்த இரண்டு பாதைகளும் அன்று முதல் இன்றுவரை பக்கத்தில் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கின்றன. நம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் எந்தப் பாதையில் போகிறது என்பதே நம் முன் உள்ள கேள்வி.

பட்டம் பெறாதவரும் பள்ளியை விட்டவரும்

அடுத்து வந்தவர் சாமுவேல் ஜான்சன். லிச்ஃபீல்டு என்ற ஊரில் புத்தகக் கடைக்காரரின் மகனாகப் பிறந்தவர். ஆக்ஸ்ஃபர்டில் சேர்ந்து, பணமில்லாமல் ஏறக்குறைய ஓராண்டிலேயே வெளியேறியவர். 1746இல் லண்டன் பதிப்பாளர்கள் அகராதிப் பணியை அவரிடம் ஒப்படைத்தார்கள். மூன்று ஆண்டுகளில் முடிப்பதாகச் சொன்னார். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1755இல் வெளிவந்த அந்த அகராதியில் சுமார் 42,000 சொற்கள் இருந்தன. அது வெளிவரும் தறுவாயில்தான் ஆக்ஸ்ஃபர்டு அவருக்கு ஒரு பட்டம் அளித்தது.

ஜான்சன் செய்த பெரிய காரியம் எண்ணிக்கையில் இல்லை. நல்ல எழுத்தாளர்களின் நூல்களிலிருந்து ஒரு லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்களை எடுத்து, சொற்களுக்குக் கீழே அடுக்கினார். ஒரு சொல்லின் பொருள் அதன் பக்கத்தில் எழுதிய விளக்கத்தில் மட்டும் இல்லை. அது வாழும் வாக்கியத்தில் இருக்கிறது என்று காட்டினார்.

இதே வழியை இன்னும் பெரிதாக்கியது ஆக்ஸ்ஃபர்டு ஆங்கில அகராதி. 1857இல் லண்டன் மொழியியல் சங்கத்தில் பேச்சு தொடங்கியது. 1879இல் ஜேம்ஸ் மர்ரி ஆசிரியராகப் பொறுப்பேற்றார். அவர் ஸ்காட்லாந்துக் கிராமம் ஒன்றில் தையல்காரரின் மகன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். மற்ற மொழிகளையெல்லாம் பெரும்பாலும் தாமே முயன்று கற்றவர். வீட்டுத் தோட்டத்தில் இரும்புத் தகட்டுக் கொட்டகை ஒன்றைக் கட்டிக்கொண்டு வேலை செய்தார். பொதுமக்கள் ஆயிரக்கணக்கானோர் தாங்கள் படித்த நூல்களிலிருந்து வாக்கியங்களைத் துண்டுச் சீட்டுகளில் எழுதி அஞ்சலில் அனுப்பினார்கள். அனுப்பியவர்களுள் மனநல மருத்துவச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த மைனர் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவரும் ஒருவர்.

1884இல் முதல் பகுதி வந்தது. 1915இல் மர்ரி காலமானார். 1928இல்தான் பணி நிறைவுற்றது. 414,825 சொற்கள், 18 லட்சத்துக்கும் அதிகமான மேற்கோள்கள். பேச்சு தொடங்கி எழுபத்தோர் ஆண்டுகள்!

நம் சொற்களும் அங்கே உண்டு

இந்த இடத்தில் நாம் பெருமையோடு நினைக்க வேண்டிய செய்தி ஒன்று உள்ளது. கடினச் சொல் என்று நாம் அஞ்சும் அந்தக் களஞ்சியத்தில் நம் பாட்டன் பூட்டன் சொற்களும் குடியேறியிருக்கின்றன.

1886இல் ஹென்றி யூலும் ஏ. சி. பர்னலும் தொகுத்த 'ஹாப்சன் ஜாப்சன்' என்ற அகராதி லண்டனில் வெளிவந்தது. பர்னல் சென்னை மாகாணத்தில் பணியாற்றியவர். தஞ்சாவூர் அரண்மனையின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்தவர். நூல் வெளிவருவதற்கு முன்பே 1882இல் அவர் காலமாகிவிட்டார். இந்திய, கீழ்த்திசை மொழிகளிலிருந்து ஆங்கிலத்துக்குள் புகுந்த சொற்களை அந்நூல் பதிவு செய்தது.

நம் கட்டுமரம் 'கட்டமரான்' ஆனது. சுருட்டு 'ஷெரூட்' ஆனது. மிளகுத்தண்ணீர் 'மல்லிகட்டானி' ஆகி ஆங்கிலேயரின் சூப்புக் கிண்ணத்தில் அமர்ந்தது. மலாய் மொழியிலிருந்து 'அமோக்', 'ஓராங் ஊத்தான்', 'பாடி', 'ரோத்தான்' எல்லாம் சென்றன. தொழிற்சாலை வாசலில் 'காம்பவுண்டு' என்கிறோமே, அதுவும் மலாய்க் 'கம்போங்'கிலிருந்து வந்திருக்கலாம் என்று அகராதிகள் சொல்கின்றன. கடனாக வாங்கி வாங்கித்தான் ஆங்கிலம் செல்வந்தன் ஆனது. அப்படிப்பட்ட மொழியைக் கற்க நம் சொந்த மொழியைக் கைவிட வேண்டும் என்று யார் சொன்னது?

அடிமைச் சிறுவன் தேடிய ஒரு சொல்

அமெரிக்க வரலாற்றிலிருந்து இரண்டு மனிதர்களைச் சொல்லாமல் இந்த உரை நிறைவு பெறாது.

முதலாமவர் ஃபிரெடெரிக் டக்ளஸ். மேரிலாந்து மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். பால்டிமோர் நகரில் எசமானியம்மாள் அவருக்கு எழுத்துகளைச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். அடிமைக்குப் படிப்பு வந்தால் அடிமையாக இருக்க மாட்டான் என்று எசமானர் தடுத்துவிட்டார். அந்தத் தடையே சிறுவனுக்குப் பாடமானது. தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைச் சிறுவர்களுக்கு ரொட்டியைக் கொடுத்து, அவர்களிடம் படிக்கக் கற்றுக்கொண்டார்.

அப்போது 'அபாலிஷன்' என்ற சொல் அவர் காதில் அடிக்கடி விழுந்தது. எசமானர்கள் அதைக் கோபத்தோடு சொல்கிறார்கள். என்ன பொருள்? அகராதியைப் பார்த்தார். 'ஒழித்தல்' என்று இருந்தது. எதை ஒழித்தல்? அகராதியில் விடை இல்லை. யாரிடமும் கேட்கவும் அச்சம். பிறகு ஒரு நாள் செய்தித்தாளில், அடிமை முறையை ஒழிக்கக் கோரி மக்கள் அனுப்பிய மனுக்களைப் பற்றிய செய்தியைப் படித்தார். சொல் திறந்துகொண்டது. தன்னைப் போன்றவர்களின் விடுதலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. 1838இல் அவர் தப்பிச் சென்றார். 1845இல் வெளியிட்ட தன்வரலாற்றில் இதையெல்லாம் எழுதினார். அகராதி தர முடியாத பொருளைச் செய்தித்தாள் தந்தது என்பதை ஒரு செய்தித்தாளில் எழுதுவதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

இரண்டாமவர் மால்கம் எக்ஸ். வழக்கறிஞராக வேண்டும் என்ற ஆசையைச் சொன்னபோது, கறுப்பினப் பையனுக்கு அது பொருந்தாது என்று பள்ளி ஆசிரியரே சொன்னார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 1946இல் திருட்டுக் குற்றத்துக்காகச் சிறை சென்றார். மனத்தில் இருப்பதைக் கடிதத்தில் எழுத முடியவில்லையே என்ற தவிப்பு அவரை வாட்டியது. மாசசூசெட்சிலுள்ள நார்ஃபோக் சிறையில் ஓர் அகராதியும் எழுதுபொருளும் கேட்டு வாங்கி, முதல் பக்கத்தைப் புள்ளி கமா விடாமல் தாளில் எழுதினார். அதற்கே ஒரு நாள் ஆனது. எழுதியதைத் தமக்குத் தாமே உரக்கப் படித்தார். அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம் என்று தொடர்ந்தார்.

இந்தக் கதையைச் சொல்லும் பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். பிள்ளைகளும் அகராதியை எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் மால்கம் எக்ஸ் அகராதியோடு நிற்கவில்லை. சிறை நூலகத்தின் வரலாற்று, தத்துவ நூல்களைப் படித்தார். இரவில் விளக்கை அணைத்த பிறகும், நடைவழியிலிருந்து வரும் மங்கிய ஒளியில் தரையில் அமர்ந்து படித்தார். சொற்களைச் சேர்த்தது அந்த நூல்களுக்குள் நுழைவதற்காக. 1952இல் வெளியே வந்த பிறகு அவர் மேடையில் பேசியது பெரும்பாலும் எளிய சொற்களில்தான். தெருவில் நின்று கேட்டவருக்கும் அது புரிந்தது.

பட்டியல்கள் வந்த கதை

இருபதாம் நூற்றாண்டில் சொல்வளம் ஒரு வணிகமாகவும் ஆனது. ஜான்சன் ஓ'கானர் என்ற அமெரிக்கர், பெரிய பதவியில் இருப்பவர்களுக்குச் சொல்வளம் அதிகம் என்று தம் சோதனைகளில் கண்டு 1934இல் எழுதினார். உடனே, 'சொல்லைச் சேர்த்தால் பதவி வரும்' என்று பலர் எடுத்துக்கொண்டார்கள். படித்ததால் சொல் வந்ததா, சொல்லால் பதவி வந்ததா என்று நிதானித்தவர்கள் குறைவு.

1942இல் வில்ஃபிரெட் ஃபங்க், நார்மன் லூயிஸ் இருவரும் சேர்ந்து முப்பது நாளில் சொல்வளம் பெருக்கும் நூலை வெளியிட்டார்கள். 1945இல் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழில் ஃபங்கின் சொல்வளப் பகுதி தொடங்கியது. பழைய வாசகர்கள் பலர் அதற்காகவே அந்த இதழை முதலில் புரட்டியிருப்பீர்கள். 1949இல் நார்மன் லூயிசின் 'வேர்ட் பவர் மேட் ஈசி' வந்தது. அந்நூலின் சிறப்பு, சொற்களைத் தனித்தனியாகக் கொடுக்காமல், கிரேக்க, லத்தீன் வேர்களைக் கொண்டு குடும்பமாகக் கற்பித்தது.

இவர்களுக்கு முன்பே நம் ஆசிய மண்ணில் ஒருவர் வேறு கேள்வி கேட்டார். மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தின் டாக்கா நகரில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். வங்காளப் பிள்ளைகள் ஆண்டுக்கணக்கில் ஆங்கிலம் படித்தும் ஒரு புத்தகத்தைப் படிக்க முடியவில்லையே, ஏன்? பாடநூல்களில் அரிய சொற்கள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தன. அவற்றை அகற்றிவிட்டு, அடிக்கடி வரும் சொற்களைக் கொண்டு வாசிப்பு நூல்களை எழுதினார். 1935இல் அவர் வேறொருவருடன் இணைந்து வெளியிட்ட அகராதியில், சுமார் 24,000 சொற்களுக்கும் தொடர்களுக்கும் வெறும் 1,490 சொற்களை வைத்தே பொருள் எழுதினார்! 1953இல் ஏறத்தாழ 2,000 அடிப்படைச் சொற்களின் பட்டியலையும் வெளியிட்டார்.

2000ஆம் ஆண்டில் நியூசிலாந்தின் அவெரில் காக்ஸ்ஹெட் இன்னொரு படி கட்டினார். பல்கலைக்கழகப் பாடநூல்களிலும் கட்டுரைகளிலும் சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி ஆராய்ந்து, எல்லாத் துறைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்களைப் பிரித்தெடுத்தார். 'அனலைஸ்', 'கான்செப்ட்', 'டேட்டா', 'டிஃபைன்' போன்றவை. உயர்கல்வி நூலில் ஏறத்தாழ பத்துச் சொல்லுக்கு ஒரு சொல் இக்குடும்பங்களைச் சேர்ந்தது என்று கண்டார்.

அந்த மாணவனின் நோட்டுப் புத்தகத்தில் மூவாயிரம் சொல் இருந்தது என்றேன் அல்லவா? "தம்பி, 'அனலைஸ்' என்று கேள்வி வந்தால் என்ன செய்ய வேண்டும்? 'டிஸ்கிரைப்' என்று வந்தால் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டேன். தடுமாறினான். ஒன்று பகுத்து ஆராய்வது, மற்றது வருணிப்பது. தேர்வுத் தாளில் தினமும் வரும் சொற்களை விட்டுவிட்டு, வாழ்நாளில் இரண்டு முறை வரக்கூடிய சொற்களை மனனம் செய்துகொண்டிருந்தான். அது அவன் குற்றமல்ல. காக்கரத்தின் பாதையை நாம்தான் அவனுக்குக் காட்டியிருக்கிறோம்.

எனக்கு யாரும் சொல்லாதது

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் தமிழ்ப்பள்ளியில் படித்துவிட்டு 2003இல் முதலாம் படிவத்துக்குப் போனேன். அந்த ஆண்டில்தான் நம் நாட்டுப் பள்ளிகளில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. 2012இலிருந்து அத்திட்டம் படிப்படியாக மீட்டுக்கொள்ளப்பட்டது. ஆனால் நாங்கள் அதன் முதல் அணி.

அறிவியல் வகுப்பில் ஆசிரியர், தாவரம் தன் உணவைத் தயாரிக்கும் முறைக்கு என்ன பெயர் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு விடை தெரியும். 'ஒளிச்சேர்க்கை'. நாவின் நுனியில் இருந்தது. ஆங்கிலச் சொல் தெரியாததால் எழுந்து நின்று வாயடைத்துப் போனேன். பின்வரிசையில் சிரித்தார்கள். அன்று முதல் நெடுநாள் நான் வகுப்பில் கையை உயர்த்தவே இல்லை. தமிழ்ப்பள்ளியில் படித்தது வீண் என்றுகூட நினைத்தேன்.

பல ஆண்டுகள் கழித்து, டிப்ளோமா படிக்கும் காலத்தில்தான் அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்த்தேன். 'போட்டோசிந்தசிஸ்'. கிரேக்கத்தில் 'போட்டோ' என்றால் ஒளி. 'சிந்தசிஸ்' என்றால் சேர்த்தல். ஒளி, சேர்க்கை! நம் தமிழ்ச் சொல் அந்தக் கிரேக்கச் சொல்லின் அச்சு அசலான பெயர்ப்பு. அந்தக் கடினச் சொல்லின் பொருள் என் கையில்தான் இருந்திருக்கிறது. பூட்டு எதிரே இருந்தது, சாவி என்னிடம் இருந்தது, இரண்டும் பொருந்தும் என்று சொல்லத்தான் ஆளில்லை.

பிறகு தேடத் தேட வந்துகொண்டே இருந்தன. 'மைக்ரோ' நுண்மை, 'ஸ்கோப்' நோக்குவது, நுண்ணோக்கி. 'தெர்மோ' வெப்பம், 'மீட்டர்' அளப்பது; வெப்பமானி. 'பயோ' உயிர், 'லாஜி' இயல், உயிரியல். நான் வேலை செய்யும் 'டெலிவிஷன்' இருக்கிறதே, 'டெலி' தொலைவு, 'விஷன்' காட்சி, தொலைக்காட்சி. ஆங்கிலேயப் பிள்ளைக்கு 'தெர்மோ' என்பது அந்நியச் சொல். நம் பிள்ளைக்கு 'வெப்பம்' என்பது வீட்டுச் சொல். தமிழ்க் கலைச்சொல்லை அறிந்த பிள்ளைக்கு ஆங்கிலக் கடினச் சொல்லின் பாதிப் பாடம் முன்பே முடிந்துவிட்டது.

ஆகவே, பெற்றோர்களே

வரலாறு நமக்குச் சொல்வதைச் சுருக்கமாகத் தொகுத்துக்கொள்வோம்.

முதலாவது, அடிக்கடி வரும் சொல்லுக்கே முதலிடம். அடிப்படைச் சொற்களும் கல்விச் சொற்களும் உறுதியான பிறகு அரிய சொற்களுக்குப் போகலாம். டாக்காவில் வெஸ்ட் கண்ட உண்மை இது.

இரண்டாவது, சொல்லைத் தனியே எழுதாமல் வாக்கியத்தோடு எழுதட்டும். எந்தப் புத்தகத்தில், எந்தச் செய்தியில் பார்த்தோம் என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். ஜான்சனும் மர்ரியும் செய்தது இதைத்தான். டக்ளஸ் கற்றதும் இப்படித்தான்.

மூன்றாவது, வேரைப் பிடிக்கட்டும். ஒரு வேருக்குப் பத்துச் சொல் கிடைக்கும். அதன் பக்கத்திலேயே தமிழ்க் கலைச்சொல்லையும் எழுதட்டும்.

நான்காவது, பட்டியல் வாசல்படி மட்டுமே, வீடு அன்று. தினமும் அரை மணி நேரமாவது பிடித்த நூலைப் படிக்காத பிள்ளைக்கு எந்தப் பட்டியலும் உதவாது.

அன்று அந்த அம்மாவிடம் நான் ஒன்று கேட்டேன். "அக்கா, இலை வெயில்ல தனக்குச் சாப்பாடு தயாரிக்குதே, அதுக்கு என்ன பேருன்னு ஆறாம் வகுப்புல படிச்சது ஞாபகம் இருக்கா?"

அவர் சற்று யோசித்தார். "ஒளிச்சேர்க்கைதானே தங்கச்சி?"

மகன் திரும்பித் தன் அம்மாவைப் பார்த்தான். நான் அவனிடம் அந்த ஆங்கிலச் சொல்லைப் பிரித்துக் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தான். பிறகு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து, வேறொரு சொல்லைச் சுட்டி, "இதுக்குத் தமிழ்ல என்னம்மா?" என்று கேட்டான். அது 'பயோகிராஃபி'. அம்மாவுக்கு உடனே விடை வரவில்லை. "வீட்டுக்குப் போயி பாக்கலாம்டா. அப்பாவோட பழைய அகராதி அலமாரியில இருக்கு" என்றார்.

இருவரும் பேசிக்கொண்டே அரங்கை விட்டு வெளியேறினார்கள். இன்றிரவு உங்கள் வீட்டிலும் ஒரு சொல்லையாவது பிள்ளையோடு சேர்ந்து தேடிப் பாருங்கள். மீண்டும் அடுத்த மன்றத்தில் சந்திப்போம்.